கைக்கு அடக்கமான பழைய கார்: வீட்டுக் கணக்கில் தொடங்கிப் பெயர் மாற்றம் வரை

2016-ல் என் முதல் காரை வாங்கினேன். 2011 மாடல், விலை இரண்டே கால் லட்சம். சேமிப்பு முழுவதையும் வழித்து, போதாததற்கு மனைவியின் இரண்டு வளையல்களை அடகு வைத்து எடுத்த வண்டி. மூன்றாம் மாதம் பவர் விண்டோ நின்றது. ஐந்தாம் மாதம் புதுக்கோட்டை ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்தது. மெக்கானிக் டிரைவர் சீட்டைக் கழற்றி கார்பெட்டைத் தூக்கிக் காட்டினார். அடியில் பாளம் பாளமாகக் காய்ந்த சேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய வண்டி, கழுவி பாலிஷ் போட்டு திருச்சி வரை வந்திருந்தது. விற்றவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏமாந்தது ஒரு வலி. ஆனால் அதைவிடப் பெரிய வலி, வயரிங்கை மாற்ற முப்பதாயிரம் ஆகும் என்று மெக்கானிக் சொன்னபோது என் கையில் மூவாயிரம்கூட இல்லாதது. இருந்த பணம் முழுவதையும் வண்டி விலையாகவே கொடுத்துவிட்டேன். யானை வாங்கியவனுக்கு அங்குசம் வாங்கக் காசில்லை என்று எங்கள் பாட்டி சொல்வது அன்று புரிந்தது.

அதற்குப் பிறகு எனக்காக ஒன்று, சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் கூடப் போய் ஏழெட்டு வண்டிகள் பார்த்து வாங்கியாயிற்று. எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: காருக்கு என்று வைத்திருக்கும் தொகையில் கால் பங்கு, வாங்கிய அன்று இரவும் உங்கள் கையில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

முதலில் வீட்டுக் கணக்கு

கார் பார்க்கப் போவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்து, கார் வந்தால் மாதம் எவ்வளவு போகும் என்று எழுதுங்கள். ஒரு சின்ன பெட்ரோல் கார், மாதம் 600 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் ஓட்டினால் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைக்கும். 40 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்றால் 4,000. சர்வீஸுக்கும் சில்லறை ரிப்பேருக்கும் மாதம் 1,500 ஒதுக்க வேண்டும், பழைய வண்டிக்கு அது தேவைப்படும். இன்சூரன்ஸை மாதமாக வகுத்தால் 700. டயரும் பேட்டரியும் சில வருடத்துக்கு ஒருமுறை ஒரே அடியாக வரும் செலவு, அதற்கு மாதம் 500. ஆக 6,700 ரூபாய். இதில் கடன் தவணை இல்லை.

என் அளவுகோல்: காருக்கு ஆகும் மொத்தச் செலவு, தவணையும் சேர்த்து, கைக்கு வரும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சம்பளம் 50,000 என்றால் வரம்பு 10,000. ஓட்டும் செலவே 6,700 போய்விட்டால் தவணைக்கு மிஞ்சுவது 3,300. பழைய காருக்குக் கடன் வட்டி புதிய காரைவிட அதிகம். 14 சதவீதம் என்று வைத்தால், ஒரு லட்சம் கடனை மூன்று வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 3,420 ஆகும். அதாவது இந்த வீட்டுக்குக் கார் கடன் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழேயே நிற்க வேண்டும். எனக்குக் கடனே இல்லாமல் வாங்குவதுதான் பிடிக்கும். முடியாதபோது இதுதான் எல்லை.

இதே வீட்டில் எட்டு லட்ச ரூபாய் புதிய காரை, ஒரு லட்சம் கட்டி, ஏழு லட்சம் கடனில் எடுத்தால் என்ன ஆகும்? 9.5 சதவீத வட்டி, ஏழு வருடம். தவணை மாதம் 11,440 ரூபாய். ஏழு வருடத்தில் வட்டியாக மட்டும் போவது ஏறக்குறைய 2 லட்சத்து 61 ஆயிரம். அந்த வட்டிப் பணத்துக்கே ஒரு நல்ல பழைய கார் வரும். ஷோரூமில் மாதத் தவணையை மட்டும்தான் சொல்வார்கள். இந்தப் பெருக்கலை நாம்தான் போட வேண்டும்.

கணக்கு ஒத்துவந்தாலும் உடனே வாங்க வேண்டாம். மூன்று மாதம், கார் ஏற்கெனவே வந்துவிட்டதாக நினைத்து அந்தப் பத்தாயிரத்தைத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். பள்ளிக் கட்டணம், கல்யாண மொய், அம்மாவின் மருந்து எல்லாம் வழக்கம்போல நடந்தால் உங்களுக்குக் கார் தாங்கும். இரண்டாம் மாதமே அதில் கைவைக்க நேர்ந்தால், இன்னும் ஒரு வருடம் பொறுப்பது நல்லது. அந்த மூன்று மாதத்தில் உண்மையாகவே எத்தனை நாள் கார் தேவைப்பட்டது என்றும் குறித்து வையுங்கள். மாதத்துக்கு மூன்று நான்கு தடவைதான் என்றால் வாடகைக் காரே மலிவு. அதில் குறைச்சல் எதுவும் இல்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும்.

எந்த வயது வண்டி

இன்சூரன்ஸ் கணக்கில் ஒரு காரின் மதிப்பு, வாங்கி ஒரு வருடம் முடிவதற்குள்ளேயே 15 சதவீதம் குறைக்கப்படும். நான்கு வருடம் தாண்டி ஐந்து வருடத்துக்குள் என்றால் 50 சதவீதம். சந்தை விலை அப்படியே இதைப் பின்பற்றாவிட்டாலும் போக்கு அதுதான்: பெரிய இறக்கம் முதல் சில வருடங்களில், முதல் உரிமையாளரின் செலவில் நடந்து முடிந்துவிடுகிறது. அதனால் ஐந்திலிருந்து எட்டு வயது வரை உள்ள வண்டிதான் நடுத்தரக் குடும்பத்துக்குப் பொருத்தம்.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். அப்புறம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இதற்கான மத்தியக் கட்டணம் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 13, 14 வயது வண்டி ஒன்றரை லட்சத்துக்கு வருகிறதே என்று ஆசைப்படும்போது இந்தச் செலவையும், அதற்காகச் செய்ய வேண்டிய டிங்கரிங் வேலையையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொரு எல்லையையும் மனதில் வையுங்கள். 2022 ஜனவரியிலிருந்து தயாரான எல்லாக் கார்களிலும் முன் சீட் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். பிரேக் (சட்டென்று மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாதது) கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகளில், விலை குறைந்த வேரியன்ட் என்றால் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு நம் நாட்டில் விற்ற ஆல்டோ 800, ஐ10, நானோ, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்து கார்களின் ஏர்பேக் இல்லாத மாடல்களை மோதிப் பார்த்தது. பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ஜியம் நட்சத்திரம். பட்ஜெட் இறுக்கமாக இருந்தாலும், ஒரு வருடம் பழையதாகப் போனாலும் பரவாயில்லை, ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள மேல் வேரியன்டைத் தேடுங்கள். பின் சீட்டில் உட்காரப்போவது நம் பிள்ளைகள்.

எந்தக் கம்பெனி என்று கேட்பவர்களுக்கு என் பதில் சலிப்பூட்டும்: உங்கள் தெருமுனை மெக்கானிக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றி மாட்டத் தெரிந்த வண்டி. ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஆல்டோ கே10, ஐ10, கிராண்ட் ஐ10 ஆகியவற்றுக்கு எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும். 2020 தொடக்கத்தில் புதுப்பித்து வந்த டாடா டியாகோ, அதே குளோபல் என்கேப் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. அந்த வருட வண்டி பட்ஜெட்டுக்குள் வந்தால் பார்க்கலாம். டொயோட்டா எட்டியோஸ் உழைக்கும் வண்டி. ஆனால் நிறைய டாக்ஸியாக ஓடியவை என்பதால் ஆர்.சி.யைக் கவனமாகப் பாருங்கள். செவர்லே 2017 முடிவில் இங்கே விற்பனையை நிறுத்தியது. டட்சன் 2022-ல் நின்றது. ஃபோர்டு 2021-ல் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து மறைமலை நகர் ஆலையையும் மூடியது. இவை விலை குறைவாகக் கிடைப்பதற்கு இதுதான் காரணம். ஃபோர்டு நல்ல வண்டிதான், ஆனால் உங்கள் ஊரில் அதைப் பார்க்கும் ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

டீசலா பெட்ரோலா? மாதம் 1,500 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓட்டுபவர் டீசல் பக்கம் போகவே வேண்டாம். அதிலும் 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களில் புகை வடிகட்டி உண்டு. ஊருக்குள் மட்டும் குட்டி குட்டித் தூரம் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். டெல்லிப் பதிவு டீசல் வண்டி சல்லிசாகக் கிடைக்கிறது என்று சொல்வார்கள். 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று உத்தரவிட்டதிலிருந்து அவை தெற்கே வருவது வழக்கமாயிற்று. வெளிமாநில வண்டிக்குத் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுட்கால வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். பாண்டிச்சேரி பதிவு வண்டிக்கும் இதே கதைதான். அதையெல்லாம் கூட்டிய பிறகும் மலிவாக இருந்தால் மட்டுமே யோசியுங்கள்.

நேரில் போகும் முன்

விற்பவரிடம் ஆர்.சி. படம் கேளுங்கள். தயங்குபவரிடம் போக வேண்டியதில்லை. எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் எப்போது வரை, எத்தனையாவது உரிமையாளர், கடன் நிலுவை உண்டா என்பதெல்லாம் தெரியும். மத்திய அரசின் இ-செலான் தளத்தில் கட்டாத அபராதங்களைப் பார்க்கலாம். "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி" என்ற பேச்சை நானே நாலைந்து ஆட்டோ கன்சல்டிங் கடைகளில் கேட்டிருக்கிறேன். ஆர்.சி.யில் உள்ளதை மட்டும் நம்புங்கள்.

அதே மாடலின் இன்றைய புதிய விலையையும் தெரிந்துகொண்டு போங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்து, புதிய வண்டிகள் விலை இறங்கின. பழைய விலையை மனதில் வைத்து விற்பவரிடம் இதைச் சொல்லிப் பேசலாம்.

வண்டியைப் பார்க்கும் காலை

பகல் வெளிச்சத்தில், காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பேனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினில் தெரியும் கோளாறை மறைக்க ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்க வாய்ப்பு உண்டு. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். மோர் போல வெள்ளையாகக் கலங்கி இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம், பெரிய செலவு. ஸ்டார்ட் செய்து புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வெள்ளைப் புகை வந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே போகிறது. குளிர்காலக் காலையில் கொஞ்ச நேரம் வரும் வெண்புகைக்குப் பயப்பட வேண்டாம்.

அடுத்து உடம்பு. கதவு, பேனட், டிக்கி இவற்றின் இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே சீராக இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். பேனட் கீல் போல்ட்டுகளில் பெயின்ட் பெயர்ந்திருந்தால் அதைக் கழற்றியிருக்கிறார்கள். கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை மெதுவாக இழுத்தால் உள்ளே கம்பெனி வெல்டிங் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அங்கே ஒழுங்கு கெட்டிருந்தால் பெரிய விபத்து கண்ட வண்டி. எல்லாக் கண்ணாடிகளின் மூலையிலும் தயாரிப்பு வருடக் குறி உண்டு. ஒன்று மட்டும் வேறு வருடம் என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. ஆறு வருடம் கடந்த டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும், நான்கு டயருக்கு சுமார் 16,000 ரூபாயை விலையில் கழியுங்கள்.

வெள்ளம் பார்த்த வண்டியா என்பது என் சொந்தக் காயம் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். 2015-க்குப் பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும், அதே மாதம் பெரும் மழையில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கமும் மூழ்கின. அந்த வண்டிகளில் பல இன்னும் கைமாறிக்கொண்டிருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவுவார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு நிற்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியைப் பாருங்கள். முன் சீட்டின் தண்டவாளம், அதன் போல்ட், பெடல்களுக்கு மேலே டேஷ்போர்டின் அடிப்பகுதி, இங்கெல்லாம் செல்போன் டார்ச் அடித்துத் துருவைத் தேடுங்கள். ஃபியூஸ் பெட்டியின் மூலைகளில் மண் இருக்கிறதா பாருங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏ.சி.யை ஓடவிட்டால் ஈர வாசனை வரும். வண்டிக்குள் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். 

மீட்டர் திருப்புவது சகஜம் என்பதால் கிலோமீட்டரை அப்படியே நம்பாதீர்கள். 30,000 ஓடியது என்று மீட்டர் சொல்லும்போது பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் பளபளத்து, டிரைவர் சீட் ஓரம் அமுங்கியிருந்தால் கணக்கு இடிக்கிறது. கம்பெனி சர்வீஸ் பதிவுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு சர்வீஸின்போதும் இருந்த கிலோமீட்டர் அதில் இருக்கும்.

ஓட்டிப் பார்ப்பது தெருமுனை வரை போய்த் திரும்புவதாக இருக்கக் கூடாது. குறைந்தது பதினைந்து இருபது கிலோமீட்டர், கொஞ்சம் நெரிசல், கொஞ்சம் பைபாஸ். பாட்டைப் போட்டுவிட வேண்டாம், வண்டியின் சத்தம் கேட்க வேண்டும். வேகத்தடையில் கடகடவென்றால் சஸ்பென்ஷன் வேலை. மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்தி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் போயிருக்கிறது. வெறிச்சோடிய நேர் ரோட்டில் ஸ்டீயரிங்கை லேசாகத் தளர்த்தினால் ஒரு பக்கம் இழுக்கிறதா பாருங்கள். வந்து நிறுத்தியதும் ஏ.சி.யோடு பத்து நிமிடம் ஐடிலில் விட்டு வெப்பநிலை முள் ஏறுகிறதா கவனியுங்கள்.

இத்தனையும் நீங்கள் பார்த்தாலும், உங்கள் மெக்கானிக்கை ஒருமுறை கூட்டிப்போங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். அவருடைய அரைநாள் கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள். அவர் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்த்துச் சொல்லும் ஒரு வார்த்தை உங்கள் ஒரு வருடச் சேமிப்பைக் காப்பாற்றும். "வேண்டாம் சார்" என்று அவர் சொன்னால், கலர் எவ்வளவு பிடித்திருந்தாலும் வந்துவிடுங்கள்.

விலையும் காகிதமும்

கண்ட குறைகளை ஒரு தாளில் எழுதி, மெக்கானிக் சொன்ன செலவைப் பக்கத்தில் போட்டு, கூட்டிக் காட்டுங்கள். கெஞ்சுவதையும் வாக்குவாதத்தையும்விட அந்தத் தாள் நன்றாக வேலை செய்யும். அட்வான்ஸ் சிறு தொகையாக, ரசீதோடு. மீதியை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

பணம் முழுதாகப் போவதற்கு முன் இவை கைக்கு வர வேண்டும்: அசல் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, இரண்டு சாவி, பெயர் மாற்றத்துக்காக விற்பவர் கையெழுத்திட்ட படிவம் 29, 30. ஆர்.சி.யில் எச்.பி. (கடனில் எடுத்த வண்டி என்ற குறிப்பு) போட்டிருந்தால் வங்கியின் தடையில்லாக் கடிதமும், அந்தக் குறிப்பை நீக்கும் படிவம் 35-ம். வெளிமாநில வண்டிக்குத் தடையில்லாச் சான்றுக்கான படிவம் 28. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அந்த நிமிடம் வரையுள்ள அபராதம் அவருடையது, அதற்குப் பின் உங்களுடையது.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட வேண்டாம். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பிக்க வேண்டும். 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், வண்டி பல கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று சொன்னது. பழைய காரை விற்கும் நாளில் உங்களுக்கும் இது பொருந்தும்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். தேர்ட் பார்ட்டி காப்பு வண்டியோடு வந்துவிடும், ஆனால் உங்கள் வண்டியின் சேதத்துக்கான காப்பு பெயர் மாற்றாமல் கிடைக்காது. பழையவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) அவருடைய சொத்து, உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். அதற்கும் பட்ஜெட்டில் இடம் விடுங்கள். ஃபாஸ்டாகையும் பழையவர் மூடிவிட்டு, நீங்கள் புதிதாக எடுக்க வேண்டும்.

முதல் மாதம்

இப்போதுதான் அந்தக் கால் பங்கு வெளியே வரும். வாங்கிய வாரமே எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். போன மாதம்தான் மாற்றினேன் என்று பழையவர் சொன்னாலும் மாற்றுங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், மாற்றியதற்கு ரசீது இல்லாவிட்டால் அதையும். பெல்ட் அறுந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். பேட்டரியைச் சோதியுங்கள். சீட் கவர், பெரிய ஸ்கிரீன், அலாய் வீல் இவற்றையெல்லாம் ஒரு வருடம் ஒத்திப்போடுங்கள். மீந்த பணம் அந்தத் தனிக் கணக்கிலேயே கிடக்கட்டும். மாதாமாதம் ஒதுக்கும் தொகையும் அதிலேயே சேரட்டும்.

என் இப்போதைய வண்டி 2017 வேகன் ஆர், 2022-ல் வாங்கியது. டேஷ்போர்டு பெட்டிக்குள் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. பெட்ரோல், பஞ்சர், பல்பு என்று ஒவ்வொரு ரூபாயும் அதில் தேதியோடு இருக்கும். போன வருடம் கிளட்ச் மாற்ற 9,800 ரூபாய் ஆனது. அந்த வாரம் பெண்ணின் பள்ளிக் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே நாளில் கட்டிவிட்டு, மாலையில் மனைவியும் நானும் வண்டியில் ஸ்ரீரங்கம் போய்வந்தோம்.